அழுக்குத் துணி தேவை

என் அக்கா பதினான்கு வருடம் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். ஜன்னல் இல்லாத கூடம். காதில் ஹெட்போன். தினமும் எழுபது எண்பது பேருக்கு ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்: "அந்த மாடலுக்கு இப்போ பார்ட்ஸ் வர்றதில்லை. புதுசா எடுத்துக்கறதுதான் நல்லது."

பார்ட்ஸ் வந்துகொண்டுதான் இருந்தது. அதே கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் நான் மெக்கானிக். எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவுக்கும் தெரியும். ஒருநாள் யாரோ ஒரு பெண் போனில் அழுதிருக்கிறாள். அக்கா மனம் பொறுக்காமல், "கீழ ஒரு மூடி இருக்கும்மா, திறந்து ஃபில்டரை எடுத்து அலசுங்க, ஓடும்" என்று சொல்லிவிட்டாள். மெஷின் ஓடியது. அக்காவின் வேலை ஓடவில்லை. பேச்செல்லாம் அங்கே பதிவாகும். மேலதிகாரி கூப்பிட்டு மெமோ கொடுத்தார். அக்கா மெமோவின் பின்பக்கத்திலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். என்னையும் ராஜினாமா செய்ய வைத்தாள். அது எப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு ஷெட். முன்பு டயர் கிடங்காக இருந்தது. தூக்கி எறியப்படுகிற பொருள்களைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளை அதைப் பெயருக்கு ஒரு வாடகை போட்டுக் கொடுத்தது. ஒரு நிபந்தனையோடு. ஒரு வருடத்துக்குள் பழுது பார்த்த மெஷின் நூறு, வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். நான் கண்ணைத் திறந்துகொண்டு போட்டேன். நானும் இரண்டு உதவி மெக்கானிக்குகளும் பின்பக்கம் பழுது பார்ப்பது, அக்கா முன்பக்கம் சோதனை செய்து விற்பது, விற்ற காசில் எல்லோருக்கும் சம்பளம். இதுதான் ஏற்பாடு.

சோதனை என்றால் அக்காவின் சோதனை. கம்பெனியில் வெறும் தண்ணீரை ஊற்றி இரண்டு நிமிடம் சுற்றவிட்டுப் பார்ப்பார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வெறுமனே சுத்தினா எந்த மெஷினும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். ஈரத் துணியோட பாரம் ஏறினாத்தான் அதோட குணம் தெரியும்" என்றாள். உண்மைதான். நிஜமான அழுக்குத் துணியை நிரப்பி ஐந்து தடவை துவைக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் மெஷினின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. ஐந்து கோடு விழுந்தால் விற்பனைக்குப் போகும்.

அத்தனை அழுக்குத் துணிக்கு எங்கே போவது? முதலில் எங்கள் வீட்டுத் துணி. பிறகு மெக்கானிக்குகளின் வீட்டுத் துணி. அத்தானின் சட்டைகள் துவைத்துத் துவைத்தே நிறம் போயின. பஸ் ஓட்டுகிறவர் அவர். "நான் போட்டு அழுக்காக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போயிடறா" என்று என்னிடம் குறைப்பட்டார். கடைசியில் அக்கா வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தாள்: "மெஷின்களைச் சோதிக்க அழுக்குத் துணி தேவை. துவைத்துத் தருகிறோம். காசு வேண்டாம். கிழிந்தால் கோபப்படக் கூடாது."

முதல் வாரம் யாரும் வரவில்லை. சும்மா துவைத்துத் தருகிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இரண்டாவது வாரம் ஒரு பெண் பெரிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். கூடவே ஒரே அச்சில் இரண்டு பெண் குழந்தைகள். ஒரு விடுதியில் அறை கூட்டுகிற வேலை அவளுக்கு. பெயர் சொன்னாள்தான், ஆனால் அன்றே அவள் எங்களுக்கு இரட்டையம்மா ஆகிவிட்டாள்.

"எவ்வளவு அழுக்கு வேணும்?" என்று கேட்டாள்.

"எவ்வளவு இருக்கு?" என்றாள் அக்கா.

"எங்க மாடி முழுக்க இருக்கு."

அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் வருவாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். மூன்று மாதத்தில் ஷெட் வாசலில் வரிசை நின்றது. உட்கார பெஞ்ச் போட்டோம். அங்கே உட்கார்ந்து பெண்கள் பேசாத பேச்சில்லை. எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது பின்பக்கம் ஸ்பானரோடு நிற்கிற எனக்கே அத்துப்படி ஆகிவிட்டது.

விற்பனைதான் படுத்துவிட்டது. இதில் என்ன ஆச்சரியம்? மெஷின் வாங்கலாமா என்று பார்க்க வருகிறவர் வரிசையைப் பார்ப்பார், பலகையைப் படிப்பார், மறுநாள் மூட்டையோடு வந்து நிற்பார். எங்களுக்குப் போட்டியாக எதிரில் யாரும் கடை போடவில்லை. நாங்களே எங்களுக்கு எதிரில் கடை போட்டுக்கொண்டோம். அத்தானிடம் கேட்டால், "டிக்கெட் கேட்காம ஏத்திக்கிட்டுப் போற பஸ்ஸுடா அது. கூட்டம் வராம என்ன பண்ணும்?" என்பார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு பெரிய குழப்பம். விற்ற மெஷின்களில் மூன்று, ஒரே மாதத்தில் திரும்பி வந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மோட்டாரில் நான் புதிதாகப் போட்ட கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பெல்ட் பளபளவென்று வழுக்கியது. கதவு ரப்பரில் விரிசல். ஒரு வருடம் ஒரு பெரிய குடும்பத்திடம் அடிபட்ட மெஷின் போல இருந்தது. பார்ட்ஸ் கடைக்காரரிடம் போய், போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டை போட்டேன். அவர் பில்லை எடுத்துக் காட்டி என் மூக்கை உடைத்தார். சரி, தப்பு என் கையில்தான் என்று முடிவு செய்தேன். இருபது வருடத் தொழில். பூட்டிய மெஷினையே திரும்பப் பிரித்துப் பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். கண் பார்வை மங்குகிறதோ என்று போய் சோதித்துக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே ஷெட்டுக்குப் போனேன். அக்கா ஈரத்துணியோடு குனிந்து ஒரு மெஷினின் பக்கவாட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை அந்த மெஷினில் நான்கு கோடு பார்த்த ஞாபகம் எனக்கு. இப்போது ஒன்று இருந்தது.

"என்னக்கா பண்றே?"

திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நிமிர்ந்தாள். "தூசியாயிருந்துது."

"கோட்டையும் சேர்த்துத் துடைக்கிற தூசியா?"

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மெஷின் ஐந்து கோட்டை எட்டினால் விற்பனைக்குப் போய்விடும். போய்விட்டால் வரிசையில் நிற்கிறவர்களுக்குத் துவைக்க மெஷின் இருக்காது. அதனால் கோடுகளை அழித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சில மெஷின்கள் ஒரு மாதத்துக்கும் மேலாகக் காலையிலிருந்து மாலைவரை "சோதனையில்" ஓடியிருக்கின்றன. எனக்குப் பின்பக்க வேலையே சரியாக இருந்தது. முன்பக்கம் நிற்பதெல்லாம் எனக்கு வெள்ளைப் பெட்டிதான். தேய்ந்துபோனதைத்தான் எப்போதாவது மனசே இல்லாமல் விற்றிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "என் கை போச்சுன்னு நினைச்சேன்! பார்ட்ஸ் கடைக்காரர்கிட்ட போய் அசிங்கப்பட்டேன்! கண்ணைக்கூட டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன்க்கா!"

"கண்ணு எப்படியிருக்காம்?"

"அதுக்கு ஒண்ணும் இல்லை!"

"நல்லவேளை" என்றாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "அவங்களுக்கு மெஷின் வேணும்னா வாங்கட்டுமே. நாம கொடுக்கற விலைக்குத் தவணையில வாங்க முடியாதா?" என்றேன்.

"இரட்டையம்மா வீட்டைப் பாத்திருக்கியா? ஒரு ரூம். தண்ணிக் குழாய் கீழ, பொதுவுல. மெஷினை வாங்கி எங்கடா வைப்பா? எதுல மாட்டுவா? வெச்சா, அவ வெளியதான் படுக்கணும்." சொல்லிவிட்டு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நம்ம மெஷினை வாங்கறவங்க வீட்டுல எல்லாம் குழாய் இருக்கு, இடம் இருக்கு. கொஞ்சம் பல்லைக் கடிச்சா புதுசே வாங்கிடுவாங்க. யாருக்கு மெஷின் வேணுமோ அவங்களால வாங்கி வைக்க முடியாது. அப்போ நாம யாருக்குடா கடை வெச்சிருக்கோம்?"

நான் மெக்கானிக். மோட்டார் சுற்றவில்லை என்றால் காரணம் சொல்வேன். "முதல்ல அந்தத் துணியைக் கீழே வை" என்றேன்.

அந்த மாதக் கடைசியில் அறக்கட்டளையின் திட்ட அதிகாரி வந்தார். அறுபத்திரண்டு மெஷின் போயிருந்தது. இரண்டு மாதம் பாக்கி. நான் பின்பக்கம் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். ஆனால் அவர் வரிசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போனைக் கையில் எடுத்துவிட்டார். பெஞ்சைப் படம் எடுத்தார். மெஷினை எடுத்தார். மூட்டையும் இரண்டு குழந்தைகளுமாக நின்ற இரட்டையம்மாவை மூன்று கோணத்தில் எடுத்தார். அப்புறம் அக்காவிடம் வந்து, "மேடம், நூறு மெஷின் கணக்கை விடுங்க. இலவசத் துவையல் மையம்னு காட்டினா ரெண்டு வருஷத்துக்கு நீட்டிச்சுடலாம். நான் பேசறேன்" என்றார்.

"ஆனா இது துவையல் மையம் இல்லையே சார். டெஸ்ட் பண்றோம்."

"பாக்கறவங்களுக்கு எது தெரியுதோ அதுதானே மேடம்?"

"அப்போ எனக்கு சம்பளம் நுரையிலயா வரும்?" என்று நான் பின்னாலிருந்து கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, லாபமும் வர வேண்டும், சேவையும் நடக்க வேண்டும், இரண்டும் கைகோத்துப் போக வேண்டும் என்றார். எப்படிப் போகும் என்று கேட்டேன். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். பாவம், அவருக்கும் தெரியவில்லை.

அக்காவுக்கு மூன்று நாள் குழப்பம். ஷெட் தப்பித்தது என்று சந்தோஷப்படுவதா, இனிமேல் யாராவது பார்த்துப் பரிதாபப்பட்டால்தான் எங்கள் சம்பளம் என்று வருத்தப்படுவதா? சாப்பிடும்போது திடீரென்று, "சரின்னு சொல்லிடலாமாடா?" என்பாள். நான் சொல்லு என்றால், "அதெப்படி?" என்பாள். வேண்டாம் என்றால், "ஷெட் போயிடுமே" என்பாள். அத்தான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். கடைசியில் சரி என்று சொன்னாள்.

அடுத்த வாரமே அறக்கட்டளை ஒரு பெரிய படத்தை அச்சடித்து, டிப்போ சுவரில், போகிற வருகிற பஸ் எல்லாம் பார்க்கும்படி ஒட்டியது. மூட்டையோடு இரட்டையம்மா. இரண்டு பக்கமும் குழந்தைகள். கீழே கொட்டை எழுத்தில்: "இலவசத் துவையலால் பயன்பெறும் ஓர் ஏழைத் தாய்."

மறுநாள் இரட்டையம்மா வரவில்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை. அவள் வராததால் அவள் மாடிக்காரர்கள் வரவில்லை. வரிசை பாதியானது, பிறகு பெஞ்ச் காலியானது. கூட்டத்தைக் காட்டித்தான் ஷெட்டை நீட்டிக்கப் போகிறார்கள், அந்தக் கூட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்கிறவர்களை அழைத்து வருவதாக அதிகாரி சொல்லியிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் அக்கா என்னை இழுத்துக்கொண்டு இரட்டையம்மாவின் அறைக்குப் போனாள்.

இரட்டையம்மா கீழே பொதுக்குழாயடியில் குந்தி உட்கார்ந்து படுக்கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கக்கா, வாங்கண்ணே" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். சிரிக்கவில்லை.

"ஏம்மா வரலை? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் அக்கா.

"உடம்புக்கு என்னக்கா? நல்லாத்தான் இருக்கேன்."

"அந்தப் படம்..."

"பிள்ளைங்களை ஸ்கூல்ல கேக்கறாங்க. நீங்க ஏழையான்னு." அவள் மணிக்கட்டுத் துணியை இறுக்கிச் சுற்றினாள். "எங்ககிட்ட காசு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கில்லைக்கா. நான் உங்ககிட்ட ஓசியில துவைக்கவா வந்தேன்? டெஸ்ட் பண்ண அழுக்குத் துணி வேணும்னு நீங்கதான் எழுதிப் போட்டிருந்தீங்க. பாவம், ஒருத்தரும் வரலையேன்னு நான்தான் மாடி முழுக்க ஏறி இறங்கித் துணி சேத்து எடுத்துட்டு வந்தேன். ரெண்டாம் நம்பர் மெஷின் ஒரு மாதிரி சத்தம் போடுதுன்னு அண்ணன்கிட்ட சொன்னது யாரு?"

அவள்தான். அன்றைக்கு அந்த மெஷினைப் பிரித்ததில் பேரிங் உடைகிற நிலையில் இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். இரட்டையம்மா சொல்லி நான் கண்டுபிடித்த பழுது அது ஒன்றல்ல; ஏழெட்டு இருக்கும். என் உதவி மெக்கானிக்குகளே அத்தனை சொன்னதில்லை.

"நான் உங்களுக்கு ஒத்தாசை பண்றதா நினைச்சுக்கிட்டிருந்தேன்க்கா. நீங்க எனக்குப் பண்றதா எழுதிட்டீங்க."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் மூடினேன்.

திரும்பி நடக்கும்போது தெருமுனையிலேயே அக்கா அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் படத்தை நாளைக்குக் காலையில எடுத்துடணும்."

அவர் என்னவோ சொன்னார்.

"தெரியும் சார். பழைய கணக்குக்கே வந்துடுவீங்க. இருபத்தஞ்சு நாள்ல முப்பத்தேழு மெஷின் விக்க முடியாதுன்னும் தெரியும்." அவர் மறுபடி ஏதோ கேட்டார். "அவங்க பயனாளியா, ஊழியரான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை சார். உங்க ஃபாரத்துல எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியாதவங்களைச் சுவத்துல ஒட்டக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் பண்ணது சரியாடா?"

"தெரியலைக்கா" என்றேன்.

படத்தைக் கிழித்தார்கள். ஷெட்டும் போயிற்று. கடைசி நாளில் எழுபத்தெட்டு மெஷின்தான் சேர்ந்திருந்தது. இப்போது மூன்று தெரு தள்ளி ஒரு சின்ன இடத்தில் முழு வாடகைக்கு இருக்கிறோம். ஒரே நேரத்தில் இரண்டு மெஷின்தான் ஓட்ட முடியும். உதவி மெக்கானிக்குகளில் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். குறை சொல்ல முடியாது, அவருக்கும் வீடு இருக்கிறது. இரட்டையம்மா செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள். கூலி கொடுத்தால் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறாள். துணி துவைத்துக்கொண்டதற்கு மீதி என்கிறாள். கோடு போடுவது இப்போது அவள். யாரும் அழிப்பதில்லை.

போன மாதம் ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. ஒரு மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலை கேட்டார், குறைக்கச் சொன்னார், அக்கா குறைத்தாள். "கேரண்டி யார் தர்றது?" என்றார்.

அக்கா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து இரட்டையம்மா, "இன்னும் நாலு கோடுதான் ஆகியிருக்கு. ஸ்பின்ல லேசா ஆடுது. அதை இப்போ கொடுக்க முடியாது" என்றாள்.

அவர் ஈரக் கையோடு நின்ற அவளை மேலும் கீழும் பார்த்தார். "இவங்க யாரு?"

"இவங்க சரின்னு சொன்னாத்தான் சார் இங்கேயிருந்து மெஷின் வெளிய போகும்" என்றாள் அக்கா.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று அவர் கிளம்பினார். யோசிக்கப் போனவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அது எங்களுக்கு வாடகை கட்ட வேண்டிய வாரம். அந்த ஒரு மெஷின் போயிருந்தால் வாடகை வந்திருக்கும். லேசான ஆட்டம்தான், ஐந்து நிமிட வேலை, அவர் கண்டுபிடித்திருக்கவே மாட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டில் எதை வெளியே காட்டுவது என்று தெரியாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்தேன்.

"எந்தப் பக்கம்மா ஆடுது?" என்று இரட்டையம்மாவிடம் கேட்டேன்.